இது எங்கள் மண் என்று நிரூபிப்பது எப்படி: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நில உரிமை வழக்கு, படிப்படியாக

1982 மே 20ஆம் தேதி எடி கொய்கி மாபோவும் மேரியம் இனத்தைச் சேர்ந்த இன்னும் நான்கு பேரும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநில அரசுமீது வழக்குத் தொடுத்தார்கள். டோரஸ் நீரிணையில் உள்ள மேர் என்ற சின்னத் தீவு தங்கள் முன்னோருடையது, 1879இல் பிரிட்டிஷார் அதைத் தங்கள் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டதால் மட்டும் அது தங்கள் கையைவிட்டுப் போய்விடவில்லை என்பதுதான் வழக்கு. பத்து வருடம் இழுத்தது. 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. (அங்கே உயர் நீதிமன்றம்தான் கடைசி நீதிமன்றம்; அதற்கு மேல் ஒன்று கிடையாது.) வெள்ளையர் வந்தபோது அந்தக் கண்டம் யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகக் கிடந்தது என்ற இருநூறு வருடக் கதை அன்றோடு சட்டத்தில் முடிந்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. அந்த வருடம் ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. உண்மைகளை விசாரித்த நீதிபதி மொய்னிஹன், மாபோ தனக்கென்று கேட்ட துண்டு நிலங்கள் எதற்கும் உரிமை நிரூபிக்கப்பட்டதாக ஏற்கவில்லை. மாபோ தத்தெடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை. அந்தத் தத்து வழியாக நிலம் தனக்கு வந்தது என்று அவர் சொன்னதை நீதிபதி நம்பவில்லை. மேரியம் மக்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் கடைசியில் தீர்ப்பு வந்தது. வழக்குக்கே பெயர் கொடுத்த மனிதரின் சொல்லே நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்றால், இந்த நிரூபணம் எவ்வளவு கடினம் என்று பாருங்கள்.

அந்தக் கடினத்தைத்தான் இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது. சட்டம் படிப்பவர்கள், மானிடவியல் மாணவர்கள், ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி அமைப்புகளோடு வேலை செய்கிற தமிழர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். அங்கே ‘நேட்டிவ் டைட்டில்’ என்று சொல்வதை இங்கே ‘பூர்வீக உரிமை’ என்கிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது?

மாபோ தீர்ப்பைத் தொடர்ந்து வந்தது 1993ஆம் வருடத்துப் பூர்வீக உரிமைச் சட்டம். 1994 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 223ஆம் பிரிவை மனப்பாடமே செய்துகொள்ளலாம். வழக்கு முழுக்க அதைச் சுற்றித்தான் போகும். அது மூன்று கேட்கிறது. கேட்கிற உரிமை அந்த மக்களின் மரபுச் சட்டத்திலிருந்தும் வழக்கத்திலிருந்தும் வந்ததாக இருக்க வேண்டும். அதே சட்டமும் வழக்கமும் அவர்களை அந்த நிலத்தோடோ நீரோடோ பிணைத்திருக்க வேண்டும். மூன்றாவது, ஆஸ்திரேலியப் பொதுச் சட்டம் (நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக உருவான சட்டம்) அந்த உரிமையை அங்கீகரிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 2002 டிசம்பரில் யோர்ட்டா யோர்ட்டா என்ற மக்களின் வழக்கில் உயர் நீதிமன்றம் ‘மரபு’ என்ற சொல்லுக்குக் கொடுத்த பொருள் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டது. பிரிட்டிஷ் இறையாண்மை வருவதற்கு முன்பிருந்த சட்டமும் வழக்கமும்தான் கணக்கில் சேரும். அவற்றைக் கடைப்பிடிக்கிற சமூகம் அன்றிலிருந்து இன்றுவரை, பெரிய அளவில் அறுபடாமல், தலைமுறை தலைமுறையாக நீடித்திருக்க வேண்டும். இறையாண்மை வந்த தேதி இடத்துக்கு இடம் வேறு: கிழக்குக் கரைக்கு 1788, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 1829, மேர் தீவுக்கு 1879.

இந்தச் சுமை முழுவதும் கேட்பவர் தலையில்தான். பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது, மொழி பேசினால் தண்டித்தது, கிறிஸ்தவ மிஷன் குடியிருப்புகளில் அடைத்து வைத்தது, இத்தனையும் செய்தது அரசு. ஆனால் “நீங்கள் அறுந்துபோகவில்லை என்று நிரூபியுங்கள்” என்று கேட்கப்படுவது பூர்வகுடிகள். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். 2008இல், அப்போது கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராபர்ட் பிரெஞ்ச், தொடர்ச்சி இருப்பதாகவே எடுத்துக்கொண்டு, இல்லை என்று காட்டும் வேலையை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கலாமே என்று யோசனை சொன்னார். அந்த வருடமே அவர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் ஆனார். ஆனால் சட்டம் மாறவில்லை. சரி, இருக்கிற சட்டத்தை வைத்துக்கொண்டுதான் வழி தேட வேண்டும்.

படி 1: ‘நாங்கள்’ என்றால் யார்?

வழக்குகள் தடுக்கி விழுகிற முதல் இடம் இது. நிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆட்களைப் பற்றிப் பேச வேண்டும்.

வெள்ளையர் வந்த காலத்தில் அந்த நிலத்தில் வாழ்ந்த மூதாதையர் சிலரின் பெயரைக் கண்டுபிடித்து, அவர்களின் வாரிசுகள் எல்லாரும் உரிமைக் குழு என்று வரையறுப்பதுதான் பொதுவான முறை. அதற்குக் கொடிவழி வரைய வேண்டும். ஒரே ஆளுக்கு மொழிப் பெயர் ஒன்று, மிஷன் வைத்த பெயர் ஒன்று, மாட்டுப் பண்ணை முதலாளி கூப்பிட்ட பெயர் ஒன்று என்று மூன்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று தெரிந்தவர் குடும்பத்தில் யாரோ ஒரு பாட்டியாகத்தான் இருப்பார்.

ஆனால் இரத்த வழி மட்டும்தான் வழி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மேற்குப் பாலைவன மக்களிடம் ஒருவர் பிறந்த இடம், பெற்றோர் பிறந்த இடம், நெடுங்காலம் அந்த மண்ணோடு பழகியது, அதன் சடங்கு அறிவு என்று பல வழிகளில் உரிமை வரும். அந்த மண்ணுக்கு உரியவரை அவர்கள் நுகுராரிட்ஜா என்பார்கள். அப்படிப்பட்ட மக்களை வெறும் வாரிசுப் பட்டியலுக்குள் அடைத்தால், மனுவில் ஒன்று இருக்கும், சாட்சி வேறொன்று சொல்வார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். மக்கள் தங்கள் சட்டத்தை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே மனுவும் இருக்க வேண்டும்.

அடுத்தது ‘சமூகம்’. யாருடைய சட்டத்தின் கீழ் இந்த உரிமை? ஒரு குலமா, ஒரு மொழி பேசுகிறவர்களா, பல மொழிக்காரர்கள் ஒரே சட்டத்தின் கீழ் வாழ்கிற பெரிய கூட்டமா? கிம்பர்லி கடற்கரையின் பார்டி, ஜாவி மக்கள் வழக்கில் விசாரணை நீதிபதி இருவரையும் ஆரம்பத்தில் இரண்டு தனிச் சமூகங்கள் என்று பார்த்தார். அதனால் ஜாவிகளின் தீவுகள் கைக்கு வரவில்லை. 2010இல் மேல்முறையீட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு (பல நீதிபதிகள் சேர்ந்து கேட்பது), மொழி வேறானாலும் சட்டம் ஒன்று, ஆகவே சமூகமும் ஒன்றுதான் என்று திருத்தியது. ஆக, இந்த ஒரு கேள்விக்கான பதிலில் தீவுகளே போகும், வரும்.

அப்புறம் கூட்டம் போட வேண்டும். வழக்கை நடத்தப்போகிற மனுதாரர்களுக்குக் குழு முழுவதும் அதிகாரம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இப்படிப்பட்ட முடிவுகளை எடுப்பதற்கு அந்த மக்களிடம் மரபான முறை ஒன்று இருந்தால், அதைத்தான் பின்பற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் ஒத்துக்கொண்ட வேறு முறை. அறிவிப்பு யாருக்கெல்லாம் போனது, யார் வந்தார்கள், எப்படி முடிவானது என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பல வருடம் கழித்து, மனம் கசந்த ஓர் உறவினர் “எங்களைக் கேட்கவே இல்லை” என்று நீதிமன்றத்துக்கு வந்தால், அன்றைய கூட்டக் குறிப்புதான் வழக்கைக் காப்பாற்றும். அதே சமயத்தில் பக்கத்து நிலத்து மக்களோடும் உட்கார்ந்து எல்லையைப் பேசி முடியுங்கள். இரண்டு பூர்வகுடிக் குழுக்கள் ஒரே மலைக்காக நீதிமன்றத்தில் மோதிக்கொள்வதைப் பார்க்கிற வேதனை யாருக்கும் வேண்டாம்.

படி 2: மிச்சம் இருப்பது எது?

பூர்வீக உரிமை இருந்தும், அரசு பிறகு செய்த காரியங்களால் அது அழிந்துபோயிருக்கலாம். முழுப் பட்டா கொடுத்த நிலத்தில் அது நிரந்தரமாகப் போய்விட்டது. டார்வின் நகரத்து லராக்கியா மக்கள் சம்பந்தப்பட்ட 1998ஆம் வருடத் தீர்ப்பு, அந்த நிலம் பின்னால் அரசிடமே திரும்பி வந்தாலும் உரிமை உயிர்த்தெழாது என்று சொல்லிவிட்டது. மேய்ச்சல் குத்தகை நிலம் அப்படியல்ல. 1996 டிசம்பர் 23 அன்று குவீன்ஸ்லாந்தின் விக் மக்கள் தொடுத்த வழக்கில் நாலுக்கு மூன்று என்று வந்த தீர்ப்பின்படி, குத்தகைக்காரர் உரிமையும் பூர்வீக உரிமையும் சேர்ந்தே இருக்கலாம். மோதினால் குத்தகைக்காரர் உரிமைதான் மேலே.

அதனால் தொடக்கத்திலேயே நிலப் பதிவேடுகளைத் துண்டு துண்டாகத் தேடிப் பார்த்துவிட வேண்டும். உரிமை அழிந்துவிட்டது என்று சொல்கிற தரப்புதான் அதற்கான ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்பது இந்த வழக்குகளில் மக்களுக்குக் கிடைக்கிற சில நிம்மதிகளில் ஒன்று.

இதில் ஒரு கதவு திறந்திருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் 47ஏ, 47பி பிரிவுகளின்படி, பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்திலும் காலியாகக் கிடக்கிற அரசு நிலத்திலும் பழைய அழிப்பை நீதிமன்றம் கண்டுகொள்ளாமல் விடலாம். ஆனால் மனுப் போட்ட சமயத்தில் குழுவைச் சேர்ந்த ஒருவராவது அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்ததாகக் காட்ட வேண்டும். வேட்டைக்குப் போனது, கூடாரம் போட்டுத் தங்கியது, பிள்ளைகளைக் கூட்டிப்போய் நீரூற்றைக் காட்டியது எல்லாம் கணக்கில் வரும். யார் போனார்கள், எந்த மாதம், எந்த இடம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது பெரிய வேலை இல்லை. அந்த நோட்டால் ஒரு நிலப்பகுதியே மீளலாம்.

படி 3: முதியவர்களிடம் முதலில் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சட்ட வேலை எல்லாம் காத்திருக்கும். முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். வழக்கு முடியப் பத்து, பதினைந்து, இருபது வருடம் ஆகிறது. அதற்குள் முக்கியமான சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ‘முன்கூட்டிய சாட்சியம்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. மூப்படைந்தவர், நோயாளி ஆகியோரின் சாட்சியத்தை, வழக்கின் மற்ற வேலைகள் முடியும் முன்பே, நீதிபதி முன்னிலையில், குறுக்கு விசாரணையோடு எடுத்துப் பதிவுசெய்து வைக்கலாம். இதைக் கேட்கத் தயங்கவே கூடாது. மனுப் போட்ட கையோடு கேளுங்கள்.

அவர்களிடம் என்ன கேட்பது? “உங்கள் மரபுச் சட்டம் என்ன?” என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். நம் வீட்டுத் தாத்தாவிடம் “உங்கள் சமூகத்தின் நெறிமுறைகளை விளக்குங்கள்” என்று கேட்டுப் பாருங்கள், புரியும். வாழ்க்கையைக் கேளுங்கள். இந்த ஊற்றுக்கு உங்களை முதலில் கூட்டிவந்தது யார்? வந்ததும் அவர் என்ன செய்தார்? தண்ணீருக்கு உங்களை எப்படி அறிமுகப்படுத்தினார்? வெளியாள் ஒருவர் இங்கே வர வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும்? கேட்காமல் வந்தால் என்ன ஆகும்? கங்காரு அடித்தால் எந்தப் பங்கு யாருக்கு? இந்த மலைக்காக யார் பேசலாம், யார் வாயைத் திறக்கக் கூடாது?

கேட்காமல் வரக் கூடாது என்பது தனித்த உடைமை உரிமைக்கான சாட்சியம். பங்கு பிரிப்பது வழக்கத்துக்கான சாட்சியம். யார் பேசலாம் என்பது சட்டத்துக்கான சாட்சியம். அதைச் சட்ட மொழிக்குக் கொண்டுபோவது வக்கீலின் வேலை. பெரியவர் தன் வார்த்தையில், முடிந்தால் தன் மொழியிலேயே சொல்லட்டும். நல்ல மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள்.

அதோடு ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: “இதை உங்களுக்குச் சொன்னது யார்? அவருக்குச் சொன்னது யார்?” தொடர்ச்சியை நிரூபிக்கும் சங்கிலி அங்கேதான் இருக்கிறது. 80 வயதுக்காரர் தன் பாட்டியிடமிருந்து கற்றிருந்தால், அந்தப் பாட்டி பிறந்தது 1880 வாக்கில் இருக்கலாம். ஒரே ஆளின் நினைவு நம்மை அவ்வளவு தூரம் கூட்டிப்போகிறது. அதற்கும் முந்தைய காலத்துக்கு? ஆர்ன்ஹெம் நிலத்து யோல்ங்கு மக்களின் குமானா வழக்கில் 2005இல் நீதிபதி செல்வே இதற்கு நல்ல வழி காட்டினார். நினைவு எட்டும் காலம் முழுக்க ஒரு வழக்கம் இருந்திருக்கிறது, முன்னோர் காலத்திலிருந்தே வருகிறது என்று நம்பத்தக்கவர்கள் சொல்கிறார்கள், மாறாக ஒன்றும் இல்லை என்றால், இறையாண்மை வந்த நாளிலும் அது இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம் என்றார். இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய வழக்கங்களை ஆங்கிலேய நீதிமன்றங்கள் அப்படித்தானே ஏற்றன என்பது அவர் வாதம். நீதிமன்றத்தில் இந்த ஊகத்தை வெளிப்படையாகக் கேட்டுவாங்குங்கள்.

படி 4: பழைய காகிதங்களைப் படியுங்கள், பயத்தோடு

காப்பகங்களில் பொக்கிஷம் இருக்கிறது. மானிடவியலாளர் நார்மன் டிண்டேல் நாடு முழுக்கப் போய் எழுதிய கொடிவழிகளும் எடுத்த படங்களும் தென் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மேற்கில் பூர்வகுடிகளிடையே வாழ்ந்து எழுதிய டெய்சி பேட்ஸின் குறிப்புகள், கான்பெராவில் பூர்வகுடி ஆய்வு நிறுவனத்தின் ஒலிப்பதிவுகள், மிஷன் பதிவேடுகள், ரேஷன் பட்டியல்கள், போலீஸ் நாட்குறிப்புகள் என்று தேடத் தேட வரும். தொலைந்துபோன பாட்டியின் பெயர் ஒரு மாவு மூட்டைக் கணக்கில் அகப்படலாம்.

ஆனால் காகிதம் இரண்டு பக்கமும் வெட்டும். யோர்ட்டா யோர்ட்டா மக்களுக்கு அதுதான் நடந்தது. மரே ஆற்றங்கரையில் அவர்கள் நிலத்துக்கு 1841 வாக்கில் வந்து ஆடு மேய்த்த எட்வர்ட் கர் என்ற வெள்ளையர் பின்னாளில் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். வழக்கு நடந்தபோது நீதிபதி ஓல்னி, உயிரோடு எதிரில் நின்று சாட்சி சொன்னவர்களைவிட இறந்துபோன அந்த ஆட்டுப் பண்ணைக்காரருக்குத்தான் அதிக மதிப்புக் கொடுத்தார். கர் எழுதியதோடு இன்றைய வழக்கம் ஒத்துப்போகவில்லை என்றார்.

அதைவிட வலிக்கிற ஒன்று. 1881இல் மலோகா மிஷனில் இருந்த பூர்வகுடிகள் நாற்பது சொச்சம் பேர், பிழைக்க நிலம் கொடுங்கள் என்று ஆளுநருக்கு மனு எழுதினார்கள். எங்கள் நிலமெல்லாம் பிடுங்கப்பட்டுவிட்டது, பயிர்செய்து வாழ ஓரிடம் வேண்டும் என்பது அவர்களின் கெஞ்சல். நூறு வருடம் கழித்து, மரபு வாழ்க்கை அப்போதே அவர்களைவிட்டுப் போய்விட்டது என்பதற்கு அதே மனு சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வரலாற்றின் அலை இவர்கள் மரபை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று 1998இல் ஓல்னி எழுதினார். 201 சாட்சிகள், 114 நாள் விசாரணை, முடிவு தோல்வி. 2002இல் உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

எனவே, உங்களுக்குச் சாதகமான காகிதத்தை மட்டும் தேடாதீர்கள். பாதகமானதை எதிர்த்தரப்புக்கு முன்பே நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். எழுதியவர் யார், அந்த மக்களின் மொழி தெரிந்தவரா, பெண்களோடு பேசினாரா, எதற்காக எழுதினார் என்று அவரையும் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். சடங்கை அவர் பார்க்கவில்லை என்பதால் சடங்கே இல்லை என்று ஆகிவிடாது. பார்க்க அவருக்கு உரிமை இல்லாமல் இருந்திருக்கலாம்.

படி 5: மானிடவியலாளர்

வரலாற்றாசிரியர், மொழியியலாளர், மானிடவியலாளர் ஆகியோரின் அறிக்கை இல்லாமல் இந்த வழக்குகள் நடப்பதில்லை. மக்கள் சொல்வதைக் கோத்து, இது ஒரு சட்ட முறைமை, அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது என்று காட்டுவது அறிக்கையின் வேலை. நிபுணர் தன் கடமை நீதிமன்றத்துக்குத்தான் என்பதை மறக்கக் கூடாது. மக்களுக்காக வாதாடுகிற தொனி வந்தால் அறிக்கையின் மதிப்பு போய்விடும். எந்தத் தகவல் யாரிடமிருந்து வந்தது, எங்கிருந்து தன் கருத்து தொடங்குகிறது என்று பிரித்து எழுதாத அறிக்கைகளை எதிர்த்தரப்பு வரி வரியாக ஆட்சேபித்துக் கிழித்திருக்கிறது. நிபுணர் மக்களுக்குப் பதிலாகப் பேசக் கூடாது; மக்கள் பேசியதை நீதிபதிக்குப் புரிய வைக்க வேண்டும். உலுருவுக்குப் பக்கத்தில் யுலாரா நகரத்துக்காக நடந்த இழப்பீட்டு வழக்கு 2006இல் தோற்றதற்கு, மனுவில் எழுதிய மரபுச் சட்டமும் சாட்சிகள் வாயிலிருந்து வந்த மரபுச் சட்டமும் பொருந்தாமல் போனது ஒரு முக்கியக் காரணம்.

படி 6: மனுவும் பதிவும்

மனு கூட்டாட்சி நீதிமன்றத்தில் போட வேண்டும். வரைபடம், குழுவின் விவரம், கேட்கிற உரிமைகள், மனுதாரர்களின் பிரமாணப் பத்திரங்கள் எல்லாம் கூட வேண்டும். தேசியப் பூர்வீக உரிமைத் தீர்ப்பாயத்தின் பதிவாளர் அதைச் சோதித்துப் பார்ப்பார். அந்தச் சோதனையில் தேறிப் பதிவானால், வழக்கு முடியாமலேயே ஒரு பலன் உண்டு: சுரங்கக் குத்தகை போன்றவை அந்த நிலத்தில் வரும்போது பேச்சுவார்த்தைக்கு உட்காரும் உரிமை கிடைக்கிறது. பிறகு மூன்று மாத அறிவிப்புக் காலம். மாநில அரசு, பண்ணைக்காரர்கள், சுரங்க நிறுவனங்கள், மீனவர்கள் என்று எதிர்த்தரப்பு வரிசையாகச் சேரும்.

தனியாளாக இதைச் செய்ய முயல வேண்டாம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சட்டப்படி அமைந்த பிரதிநிதி அமைப்புகள் இருக்கின்றன: கிம்பர்லி நிலக் கழகம், வடக்கு நிலக் கழகம், மத்திய நிலக் கழகம் போன்றவை. வக்கீலும் ஆய்வாளரும் அங்கேயே உண்டு.

படி 7: நீதிமன்றத்தை மண்ணுக்குக் கூட்டிவாருங்கள்

இந்த வழக்குகளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீதிபதி அங்கியைக் கழற்றிவிட்டு, தொப்பி போட்டுக்கொண்டு, ஆற்றுப் படுகையில் மரநிழலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாட்சியம் கேட்பார். மாபோ வழக்கிலேயே நீதிமன்றம் மேர் தீவுக்குப் போய்க் கூடியது. நகரத்துக் கூண்டில் ஏறினால் வாயடைத்து நிற்கிற ஒரு பெரியவர், தன் மண்ணில் நின்றால் பேசத் தொடங்குவார். அந்தப் பாறையில் கையை வைத்துக்கொண்டுதான் அதன் கதையைச் சொல்ல முடியும். ஒருவேளை அங்கே சொல்லத்தான் அவருக்கு அனுமதியும் இருக்கும்.

1997இல் கிரேட் சேண்டி பாலைவனத்து ங்குராரா மக்கள் பிர்னினி என்ற இடத்தில் கூடி, ஏறக்குறைய எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் துணியில் தங்கள் நாட்டையே வரைந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்கள், ஒவ்வொருவரும் தனக்குச் சொந்தமான நீர்நிலையை வரைந்தார். தீர்ப்பாயத்தின் முன் அதை விரித்து, ஒவ்வொருவரும் தன் பகுதியின்மேல் ஏறி நின்று, தன் மொழியில், இது என் நாடு என்று பேசினார். 2007 நவம்பரில் அவர்களின் உரிமையை நீதிமன்றம் அறிவித்தது.

சாட்சியச் சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். “தாத்தா சொன்னார்” என்று மாபோ சொல்லும்போதெல்லாம் அது செவிவழிச் செய்தி என்று எதிர்த்தரப்பு எழுந்து நின்றது. 1998 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணச் சாட்சிய விதிகள்தான் இந்த வழக்குகளுக்கும் பொருந்தும். ஆனால் நீதிமன்றம் விரும்பினால் தளர்த்தலாம், மக்களின் பண்பாட்டுக் கவலைகளையும் கணக்கில் எடுக்கலாம். 2008இல் செய்த திருத்தம் இன்னும் உதவியானது. பூர்வகுடிக் குழுவின் மரபுச் சட்டமும் வழக்கமும் பற்றிய செவிவழிச் சாட்சியம் இப்போது அந்த விதியால் தடுக்கப்படுவதில்லை. குழுவைச் சேர்ந்தவர் தன் மரபு பற்றிச் சொல்கிற கருத்தும் சாட்சியமாகும்.

ஆண்கள் மட்டும் அறியக்கூடிய கதைகள் உண்டு, பெண்கள் மட்டும் அறியக்கூடியவையும் உண்டு. அவற்றை யார் முன்னிலையில் சொல்லலாம், பதிவை யார் படிக்கலாம் என்று நீதிமன்றம் கட்டுப்பாட்டு ஆணை போட முடியும். சாட்சி சொல்லும் முன்பே கேட்டுவாங்கிவிட வேண்டும். வாய்விட்டு வந்த பிறகு ஆணை வாங்கி என்ன பயன்?

குறுக்கு விசாரணைக்கும் தயார்செய்யுங்கள். துப்பாக்கியால் சுட்டால் அது மரபு வேட்டையா, டொயோட்டாவில் போனால் அது மரபா என்றெல்லாம் கேட்பார்கள். கருவி மாறலாம், சட்டம் மாறவில்லை என்பதுதான் பதில். மரபு வளரும், பொருந்திக்கொள்ளும் என்பதை நீதிமன்றங்களே ஏற்றிருக்கின்றன. “நீங்கள் இங்கே குடியிருக்கவில்லையே” என்பது இன்னொரு கேள்வி. தென் ஆஸ்திரேலியாவின் டி ரோஸ் ஹில் பண்ணை வழக்கில் விசாரணை நீதிபதி, மக்கள் அங்கிருந்து போய்விட்டதால் தொடர்பு அறுந்தது என்று 2002இல் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் முழு அமர்வு அதை மாற்றியது. பிணைப்பு உடம்பால் மட்டும் வருவதில்லை. சட்டமும் வழக்கமும் பிணைத்திருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது. 2005இல் அவர்களுக்கு உரிமை கிடைத்தது.

படி 8: உரிமைகளை எழுதும் விதம்

மிரியுவுங் கஜெர்ரோங் மக்களின் வார்ட் வழக்கில் 2002இல் உயர் நீதிமன்றம், பூர்வீக உரிமை என்பது பல உரிமைகள் சேர்ந்த ஒரு கட்டு, ஒவ்வொரு குச்சியையும் தனித்தனியாக உருவலாம் என்கிற பார்வையை எடுத்தது. எனக்கு அது ஒப்பவில்லை. மண்ணோடு உள்ள உறவைச் சுள்ளிக்கட்டாக யாரும் வாழ்வதில்லை. இருந்தாலும் மனு அப்படித்தான் எழுத வேண்டும்: நுழைய, தங்க, வேட்டையாட, மீன்பிடிக்க, தண்ணீர் எடுக்க, சடங்கு செய்ய, புனித இடங்களைக் காக்க என்று. மேய்ச்சல் குத்தகை நிலத்திலும் கடலிலும் மற்றவர்களை வெளியே நிறுத்தும் உரிமை கிடைக்காது. வர்த்தகத்துக்காக எடுக்கும் உரிமை முன்னோர் வழக்கத்தில் இருந்தால் அதையும் கேளுங்கள். டோரஸ் நீரிணை மக்கள் 2013இல் கடலில் அதை நிலைநாட்டினார்கள்.

படி 9: சம்மதமா, விசாரணையா?

இன்று பெரும்பாலான உரிமைகள் சம்மதத் தீர்ப்பாகவே வருகின்றன. சேகரித்த சான்றுகளை மாநில அரசிடம் கொடுத்து, அரசு திருப்தியடைந்தால் நீதிமன்றம் 87ஆம் பிரிவின் கீழ் ஆணை போடும். விசாரணை என்பது ஆபத்து. பெர்த் நகரத்தை உள்ளடக்கிய நூங்கார் மக்கள் வழக்கில் 2006இல் நீதிபதி வில்காக்ஸ் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2008இல் முழு அமர்வு அதை ரத்துசெய்தது. அப்புறம் பேசிப் பேசி, சுமார் 130 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாடு 2021இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்குப் பூர்வீக உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. எது சரி என்று வெளியாள் சொல்ல முடியாது. அந்த முடிவு அந்த மக்களுடையது.

தீர்ப்பு வந்ததும் உரிமையை வைத்திருக்கவோ நிர்வகிக்கவோ ஒரு கூட்டுநிறுவனத்தைப் பதிவுசெய்ய வேண்டும். இனி சுரங்கக்காரரும் அரசும் பேச வருவது அதனிடம்தான்.

அழிக்கப்பட்ட உரிமைக்கு இழப்பீடும் கேட்கலாம். வட ஆள்புலத்தின் டிம்பர் கிரீக் ஊரில் ங்கலிவுர்ரு, நுங்கலி மக்களுக்கு 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சுமார் 25 லட்சம் டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. அதில் பாதிக்கும் மேல், 13 லட்சம், மண்ணோடு உள்ள ஆன்மிகப் பிணைப்பு காயப்பட்டதற்கு. அந்தக் காயத்தை நீதிமன்றத்துக்குக் காட்டியது நில மதிப்பீட்டாளர் இல்லை. டிங்கோ கனவுப்பாதையின்மேல் (காட்டுநாய் வடிவ மூதாதை பயணம் போனதாக அவர்கள் நம்பும் புனிதப் பாதை) தண்ணீர்த் தொட்டிகள் வைத்தபோது உள்ளே என்ன ஆனது என்று சொன்ன பெரியவர்கள்தான். மூன்றாம் படியில் எடுத்த ஒலிப்பதிவுகளை, வழக்கு முடிந்தது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். குடும்பத்தின் அனுமதியோடு, அவர்கள் சொல்கிற கட்டுப்பாடுகளோடு, பேரப்பிள்ளைகள் எடுத்துக் கேட்கிற இடத்தில் வையுங்கள். இழப்பீட்டு வழக்குக்கு அவை மறுபடியும் வேண்டும்.